பெரும்பாடும் பொறியும்: கருப்பை உட்படலச் சிகிச்சைச் சாதனங்களின் பாதுகாப்புப் பற்றிய சில குறிப்புகள்

மாதவிடாயின்போது அளவிறந்து குருதி கழியும் நோயைத் தமிழ் மருத்துவ மரபு பெரும்பாடு எனப் பெயரிட்டு வழங்கியது. விவிலியத்தைத் தமிழாக்கியோரும், பன்னிரண்டு ஆண்டுகள் குருதிப்போக்கினால் வருந்திய பெண்ணைப் பற்றிச் சுவிசேஷங்கள் கூறுமிடத்து, இச்சொல்லையே எடுத்தாண்டனர். அப்பெண் தன் உடைமை யாவற்றையும் வைத்தியர்களுக்குச் செலவிட்டும் குணமடையவில்லை என்ற செய்தியையும் மாற்கு தருகிறார். நோயின் பொருளியல் பற்றிய பழைய குறிப்புகளுள் இது கவனிக்கத்தக்க ஒன்று. பாடு என்னுஞ் சொல் துன்பத்தையும் உழைப்பையும் ஒருங்கே சுட்டுவது. நமது கிழக்குக் கரையிலோ கரைவலை இழுக்கும் இடமும் பாடுதான்.

திருகோணமலை நகருக்கு வடக்கே, புல்மோட்டை வீதியில் அமைந்த நிலாவெளியைப் பலரும் அதன் வெண்மணற் கரைக்காகவும் புறாத்தீவுக்காகவும் அறிவர். அங்கு வாழும் பெண்களின் நாட்கள் வேறிடங்களிற் கழிகின்றன. சின்ன வெங்காயப் பாத்திகளிற் குனிந்து களை பிடுங்குவோர், கருவாடு காயவைப்போர், உல்லாச விடுதிகளில் அறைகளைத் துப்புரவு செய்வோர் எனப் பலவகையினர். நாட்கூலியில் வாழும் ஒருத்திக்கு மாதந்தோறும் ஏழெட்டு நாட்கள் துணி நனைந்துகொண்டே இருக்குமாயின், அது அவளது உடலை மட்டும் தாக்குவதில்லை. கழிப்பிடம் இல்லாத தோட்டத்தில் அவள் வேலைக்கு நிற்க முடியாது. நிற்காத நாளுக்குக் கூலி இல்லை. குருதிச் சோகை மூச்சு வாங்க வைக்கும். மூச்சு வாங்குபவளைச் சோம்பேறி என்பார்கள். ஒரு மாதவிடாயில் 80 மில்லிலீற்றருக்கு மேற்பட்ட குருதியிழப்பு மிகையானது என்ற எல்லையை 1966இல் சுவீடனில் ஹோல்பேர்க்கும் அவரது குழுவினரும் நடத்திய ஆய்வு வகுத்தது. அந்த அளவுகோலைக் கொண்டு எவரும் வெங்காயத் தோட்டத்தில் அளந்து பார்ப்பதில்லை. அங்கே அளவுகோல், எத்தனை நாள் வேலை போயிற்று என்பதே.

இந்நோய்க்கெனக் கடந்த நாற்பது ஆண்டுகளாக மேற்கு நாடுகளில் உருவாக்கப்பட்டுவரும் கருவிகள் எவ்வாறு இயங்குகின்றன, அவற்றின் பாதுகாப்பு எவ்விடத்தில் தங்கியுள்ளது என்பனவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். இலக்கிய மாணவன் ஒருவன் இதனை எழுதுவது துறைமீறலாகச் சிலருக்குத் தோன்றலாம். கருவிகளின் வரலாறு மனித உழைப்பின் வரலாற்றோடு பிணைந்தது என்று கருதுவோர்க்கு அவ்வாறு தோன்றாது.

முதலில் உடலமைப்பை நோக்குவோம். கருப்பையின் உட்புறத்தைப் போர்த்தியிருக்கும் படலம் ஈரடுக்கானது. மேலடுக்கு மாதந்தோறும் தடித்து, கரு தங்காதவிடத்து உதிர்ந்து குருதியோடு வெளியேறும். அடியடுக்கு உதிர்வதில்லை. அறுத்த தாளிலிருந்து மறுதாம்பு தளிர்ப்பது போல, அடுத்த மாதத்துக்குரிய மேலடுக்கை முளைப்பிப்பது அதுவே. ஆகவே உட்படலத்தை நிலையாக அழிக்க விரும்பும் வைத்தியர் அடியடுக்கைத் தாண்டி, தசையின் தொடக்கம் வரை, ஏறத்தாழ 4 முதல் 6 மில்லிமீற்றர் ஆழத்துக்குத் திசுவைச் சாகடித்தல் வேண்டும். கருப்பைச் சுவரின் தடிப்போ நடுப்பகுதியில் ஒன்று முதல் இரண்டு சென்ரிமீற்றர் வரையிலானது. பலோப்பியன் குழாய்கள் வந்து சேரும் இரு மூலைகளிலும் இன்னும் மெல்லியது. சுவருக்கு அப்பால் குடலும் சிறுநீர்ப்பையும் கிடக்கின்றன. தீய்க்க வேண்டிய ஆழத்துக்கும் தீய்க்கலாகாத ஆழத்துக்கும் இடையே உள்ளவை சில மில்லிமீற்றர்களே. இத்துறையில் தோன்றிய சாதனங்கள் அனைத்தும் இந்தச் சில மில்லிமீற்றர்களைக் காப்பதற்கான முயற்சிகள் எனலாம்.

பழைய முறைகளைப் பற்றி அதிகம் கூற வேண்டியதில்லை. 1840களிற் பாரிசைச் சேர்ந்த ரெக்காமியே அறிமுகப்படுத்திய சுரண்டுகரண்டி இன்றும் பல வைத்தியசாலைகளின் தட்டுகளில் உண்டு. கண்ணாற் காணாது கைத்தடத்தால் மட்டும் நடப்பது அவ்வேலை. மேலடுக்கைச் சுரண்டி அடியடுக்கை விட்டுவிடுவதனால் ஓரிரு மாதங்களில் நோய் மீளும். ஆழமாகச் சுரண்டினாலோ சுவர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். நோயறிதலுக்குத் திசு எடுக்கப் பயன்படும் இக்கருவி, பெரும்பாட்டுக்கு மருந்தாக நெடுங்காலம் மயங்கிக் கொள்ளப்பட்டது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மாஸ்கோவின் ஸ்னெகிரியோவ் நீராவியைக் கருப்பைக்குட் செலுத்திப் பார்த்தார். 1937இல் ஜேர்மனியின் பார்டன்ஹொயர் மின்னோட்டத்தாற் சுட்டார். வெப்பத்தை எவ்வளவு ஆழத்தில் நிறுத்துவது என்று அறியும் வழி இருவருக்கும் இருக்கவில்லை.

1981இல் அமெரிக்காவில் கோல்ட்ராத் லேசர் ஒளியைக் கொண்டு உட்படலத்தை எரிக்கும் முறையை வெளியிட்டதோடு இக்காலக் கட்டம் தொடங்குகிறது. 1983இல் டிசேர்னி, ஆண்களின் சுரப்பியைச் சீவச் சிறுநீரக வைத்தியர்கள் பயன்படுத்திய மின்வளையக் கருவியை இப்பணிக்குக் கடன் வாங்கினார். இப்போது வைத்தியர் உள்நோக்குக் குழாய்வழி கருப்பையின் உட்புறத்தைக் கண்ணாற் கண்டார். அது பெரிய முன்னேற்றம். ஆயினும் சீவும் ஆழம் அவரது மணிக்கட்டில் இருந்தது. வேறோர் ஆபத்தும் உடன் வந்தது. உட்புறம் தெரிவதற்காகக் கருப்பையை ஒரு திரவத்தால் விரித்து வைத்தல் வேண்டும். உப்புநீர் மின்னைக் கடத்துமாதலால், அந்நாளைய ஒருமுனை மின்கருவியோடு அதைப் பயன்படுத்த இயலாது. எனவே உப்பற்ற கிளைசீன் கரைசலைச் செலுத்தினர். வெட்டுண்ட குருதிக்குழாய்களின் வழியே அது உடலுக்குட் புகுந்து குருதியின் சோடியச் செறிவைக் குறைத்தது, மூளை வீங்கியது, உயிர்கள் போயின. மாதவிடாய் நிற்காத வயதுப் பெண்கள் இதற்கு மிகுதியும் இலக்காயினர் என்பது வருந்தத்தக்கது, ஏனெனில் இச்சிகிச்சைக்கு வருவோர் அவர்களே. பின்னர் இருமுனைக் கருவிகள் வந்து, மின்னோட்டம் கருவியின் நுனியிலேயே சுற்றி முடியும் வகை செய்யப்பட்டதும் உப்புநீர் போதியதாயிற்று. உப்பற்ற கரைசலில் ஒரு லீற்றரளவு உடலிற் சேர்ந்தாலே நிறுத்த வேண்டும் என்றும், உப்புநீரில் உடல்நலமுள்ளவர்க்கு இரண்டரை லீற்றர் வரை பொறுக்கலாம் என்றும் இன்று விதி உண்டு. ஒரு மின்முனையின் இடத்தை மாற்றியதால் விளைந்த பாதுகாப்பு இவ்வளவு!

இம்முறைகளின் விளைவுகளைப் பிரித்தானியாவில் 10,686 பெண்களிடையே ஆராய்ந்த அறிக்கை 1997இல் வெளிவந்தது. மின்வளையத்தால் மட்டும் சீவியவர்களிடம் சிக்கல்கள் மிகுதியாகக் காணப்பட்டன. அவ்வகையிற் கருப்பை துளைபடுவது வைத்தியரின் அனுபவம் கூடக் கூடக் குறைந்தது. ஆகவே கற்றுக்கொள்ளும் காலத்தின் விலையை முதலில் வந்த நோயாளர்கள் செலுத்தினர் என்பதே அதன் பொருள். எந்தக் கைத்தொழிலிலும் பயிலுநர் சில பானைகளை உடைப்பார். இங்கே உடைவது பானையன்று.

இக்கட்டத்தில்தான் இரண்டாந் தலைமுறைச் சாதனங்கள் எழுந்தன. இவற்றின் மூலக் கருத்து எளியது: ஆழத்தை மணிக்கட்டிடமிருந்து எடுத்துப் பொறியிடம் ஒப்படைத்தல். நியூயோர்க்கின் றொபேட் நியூவேர்த் முதலியோரின் சிந்தனையில் உருவாகி 1997இல் அமெரிக்க ஒழுங்குபடுத்தல் நிறுவனத்தின் ஒப்புதல் பெற்ற தேர்மாச்சொய்ஸ் என்னும் வெப்பப் பலூனைச் சற்று விரிவாக நோக்குவது பயன்தரும். மெல்லிய குழாயின் நுனியில் சுருங்கிக் கிடக்கும் பலூன் கருப்பைக்குட் செலுத்தப்பட்டு, குளுக்கோசு கலந்த நீரால் ஊதப்படும். பலூனுக்குள்ளேயே இருக்கும் சிறு சூடாக்கி அந்நீரை 87 பாகை செல்சியசு வரை வெப்பமேற்றி, எட்டு நிமிடங்கள் அவ்வாறே வைத்திருக்கும்.

இதன் ஒவ்வோர் உறுப்பிலும் ஒரு முன்யோசனை பொதிந்துள்ளது. குளுக்கோசு நீர் ஏன்? பலூன் கிழிந்தாலும் அந்நீர் உடலுக்கு நஞ்சாகாது. பலூனை 160 முதல் 180 மில்லிமீற்றர் இரச அமுக்கத்துக்கு ஊதுவது ஏன்? இருவகை நன்மை அதனால் உண்டு. சுவரிலுள்ள குருதியோட்டம் வெப்பத்தை வாரிக்கொண்டு போகும் இயல்பினது. ஆளுக்காள் அவ்வோட்டம் வேறுபடுமாதலால் தீய்க்கும் ஆழமும் வேறுபடும். அமுக்கம் குருதிக்குழாய்களை நெரித்து அவ்வேறுபாட்டைக் குறைக்கிறது. இரண்டாவதாக, அமுக்கமே காவற்காரனும் ஆகிறது. சுவரில் துளை உண்டானால் பலூன் அவ்வழியே பிதுங்கும், அமுக்கம் சரியும், சூடாக்கி தானே அணையும். அமுக்கம் மிகுந்தாலும் அவ்வாறே. முதற் பலூன்களில் நீர் அசையாது நின்றதனால் மூலைகளில் வெப்பம் போதாமற் போயிற்று. பின்னைய வடிவத்தில் நீரைக் கலக்கும் சிறு சுழலியைச் சேர்த்து, பலூனையும் இறப்பரிலிருந்து சிலிக்கோனுக்கு மாற்றினர்.

ஏனைய சாதனங்களும் இவ்வாறே தத்தமக்குரிய காவலை உடையன. 2001இல் ஒப்புதல் பெற்ற ஒன்றில் பலூனே இல்லை. 90 பாகை உப்புநீர் நேரே கருப்பைக்குட் பத்து நிமிடம் சுழலும். குழாய்கள் வழியே வயிற்றறைக்குள் நீர் ஒழுகாதிருக்கும் பொருட்டு அமுக்கம் மிகத் தாழ்வாக வைக்கப்படும். பத்து மில்லிலீற்றர் நீர் குறைந்தாலே பொறி நின்றுவிடும். ஆயினும் கருப்பைக் கழுத்தின் வழியே கீழ்நோக்கிக் கசிந்த வெந்நீர் சிலரைச் சுட்டிருக்கிறது. பொறியின் கணக்குக்கு உட்படாத வழி அது. அதே ஆண்டில் வந்த நோவாஷுவர், மின்கடத்தும் வலையொன்றைக் கருப்பைக்குள் விசிறிபோல் விரிக்கிறது. முதலில் அது காபனீரொட்சைட்டு வாயுவைச் செலுத்தி, அமுக்கம் சில செக்கன்களுக்கு நிலைத்து நிற்கின்றதா எனச் சோதிக்கும். நிற்காவிட்டால் எங்கோ துளை உண்டு, மின்னோட்டம் தொடங்காது. திசு வேகும்போது நீர் வற்றி மின்தடை உயரும். அத்தடை 50 ஓமை எட்டியதும், அன்றேல் இரண்டு நிமிடம் முடிந்ததும், பொறி நின்றுவிடும். திசுவே தான் வெந்த செய்தியைப் பொறிக்கு அறிவிக்கிறது என்று சொல்லத் தோன்றுகிறது. இங்கிலாந்தின் பாத் நகரில் ஷார்ப் என்ற வைத்தியர் இயற்பியலாளருடன் இணைந்து உருவாக்கிய நுண்ணலைக் கருவியிற் காவல் அலையின் அதிர்வெண்ணிலேயே இருந்தது. 9.2 கிகாஹேர்ட்ஸ் அலை ஆறு மில்லிமீற்றருக்கு மேல் திசுவுக்குட் செல்லாது என்று கணக்கிட்டே அதனைத் தெரிந்தெடுத்தனர்.

மார்க்ஸ் மூலதனத்தின் முதற் தொகுதியில் (1867) இயந்திரத்தை ஆராயுமிடத்து, தொழிலாளியின் கையிலிருந்த திறன் பொறிக்குட் குடிபெயர்வதையும், பெயர்ந்த திறன் பிறருடைய உடைமையாகி உழைப்பவனுக்கு எதிரே வந்து நிற்பதையும் விளக்குகிறார். இச்சூத்திரத்தை நெட்டுருப் பண்ணியவர்கள் இங்கே வைத்தியரின் திறன் பறிபோனதற்காக இரங்கக் கூடும். அவ்விரக்கம் பொருத்தமற்றது. நெசவுத் தொழிலாளியின் கைத்திறன் பறிபோனபோது இழப்பு அவனுடையது. இங்கே திறன் பொறிக்குட் பெயர்ந்ததனால், பயிலுநரின் கையிற் சிக்கும் நோயாளி காப்பாற்றப்படுகிறாள். உள்நோக்கித் திறன் அரிதாகக் கிடைக்கும் மாகாணங்களுக்கு இது கொழும்பைக் காட்டிலும் முக்கியமான பேறு. மார்க்ஸின் இரண்டாம் கூற்றே, அதாவது பெயர்ந்த திறன் எவருடைய உடைமையாகிறது என்பதே, இங்கு ஆழ்ந்து நோக்கத்தக்கது. அதற்குமுன் பொறியால் அறிய முடியாதவை எவை என்பதைப் பார்த்தல் வேண்டும்.

பலூன் துளையை அறியும். தான் எங்கே இருக்கிறது என்பதை அறியாது. குழாயைச் செலுத்தும்போதே சுவரின் தசைக்குள் ஒரு பொய்வழி உண்டாகி, பலூன் அவ்விறுக்கமான பொந்துக்குள் ஊதப்பட்டால், அமுக்கம் சரியாகவே காட்டும். அமெரிக்காவில் இச்சாதனங்கள் தொடர்பாகப் பதிவான கேடுகளைத் தொகுத்து 2003இல் வெளியான ஆய்வொன்று 62 பெண்களைப் பற்றிப் பேசுகிறது. எட்டுப் பேரின் குடல் வெந்திருந்தது, ஒருவர் இறந்தார். கணிசமானோரிடம் சாதனம் அறிவுறுத்தலுக்கு மாறாகப் பயன்படுத்தப்பட்டிருந்தது. அறிவுறுத்தல் எதைக் கேட்கிறது? முன்னர் சிசேரியன் நடந்ததா, எவ்வகை வெட்டு, கருப்பையில் வேறு சத்திரசிகிச்சை உண்டா, புற்றுநோய் இல்லை எனத் திசுப் பரிசோதனையால் உறுதிப்பட்டதா, இனிக் குழந்தை வேண்டுமா என்பனவற்றை. இலங்கையிற் பிரசவங்களில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாதவை இன்று சிசேரியன் மூலம் நிகழ்கின்றன என்பதை நினைத்தால் முதற் கேள்வியின் கனம் புரியும். கடைசிக் கேள்வி இன்னும் கனமானது. உட்படலத்தை அழித்தல் கருத்தடையாகாது. அதன் பின்னும் கருத்தரிக்க இடமுண்டு. அவ்வாறு தங்கும் கரு தாய்க்கும் சேய்க்கும் பெருங்கேடு விளைக்கக் கூடியது. ஆகவே கருத்தடை தொடர்தல் வேண்டும் என்பதை அவள் விளங்கிக்கொண்டாலன்றிச் சிகிச்சை முழுமையாகாது.

இக்கேள்விகளைக் கேட்பது பொறியன்று, மனிதர். எந்த மொழியில்? வைத்தியர் ஒரு மொழியிலும் நோயாளி இன்னொரு மொழியிலும் சிந்திக்கும் வைத்தியசாலைகள் கிழக்கில் அரிதல்ல. இடையில் நின்று மொழிபெயர்ப்பவர் ஒரு சிற்றூழியராகவோ பக்கத்துக் கட்டிலின் உறவினராகவோ இருந்தால், பழைய கருச்சிதைவொன்றைப் பற்றியோ அப்போது நடந்த சுரண்டலைப் பற்றியோ ஒரு பெண் வாய் திறப்பாளா? சுவரை மெலிவித்த அந்தச் செய்தியே பொறிக்கு வேண்டியது. “இனிப் பிள்ளை வேண்டுமா?” என்ற வினாவை மாமியாரின் முன்னிலையிற் கேட்டால் வரும் விடை யாருடையது? மொழிச் சமத்துவத்தை அரசியலுரிமையாக மட்டும் பேசிப் பழகிவிட்டோம். இங்கே அது அமுக்கமானியைப் போலவே ஒரு காவற்பொறி. 1987ஆம் ஆண்டுத் திருத்தத்தால் தமிழும் அரசகரும மொழியாயிற்று. அது இன்னும் சிகிச்சைக் கட்டில் வரை வந்து சேரவில்லை.

இனி உடைமைக்கு வருவோம். கட்டுப்பாட்டுப் பெட்டியை வைத்தியசாலை ஒருமுறை வாங்கினாற் போதும். பலூனையோ வலையையோ ஒவ்வொரு நோயாளிக்கும் புதிதாக வாங்குதல் வேண்டும். தொற்றைத் தடுக்க இது நியாயமானதே. அதே வேளை இலாபம் ஊறும் சுனையும் அதுவே. நோவாஷுவரை உருவாக்கிய சிறு நிறுவனம் 2004இல் 32½ கோடி டொலருக்கு விற்கப்பட்டது. அவ்விலையில் அளக்கப்பட்டது வலையின் உற்பத்திச் செலவன்று. இனி வரவிருக்கும் பெண்களின் எண்ணிக்கை. வெப்பப் பலூனுக்கு நேர்ந்த முடிவு இன்னும் தெளிவான பாடம். ஜோன்சன் அன்ட் ஜோன்சன் குழுமம் 2010களின் நடுப்பகுதியில் அதன் விற்பனையை நிறுத்திக்கொண்டது. தீங்கெனக் கண்டு எவரும் அதைத் தடைசெய்யவில்லை. சந்தையில் அதன் இடம் சுருங்கிற்று, அவ்வளவே. கட்டுப்பாட்டுப் பெட்டியை வாங்கி வைத்திருந்த வைத்தியசாலைகளுக்கு அது பலூனில்லாப் பெட்டியாயிற்று. பாதுகாப்பானதென நிறுவப்பட்ட ஒரு சாதனம், பாதுகாப்போடு தொடர்பற்ற காரணத்தால், உலகிலிருந்து மறையலாம்.

இதற்கு மறுதலையாக, பாதுகாப்பற்ற சாதனம் வறிய நாடுகளை நாடி வந்த வரலாறும் உண்டு. டல்கன் ஷீல்ட் உட்படலச் சிகிச்சைக்குரியதன்று. கருப்பைக்குள் வைக்கப்பட்ட கருத்தடைச் சாதனம். ஆயினும் வடிவமைப்பின் குற்றம் எத்துணைச் சிறிய இடத்தில் ஒளிந்திருக்கலாம் என்பதற்கு அதனினும் சிறந்த சான்றில்லை. 1971இல் விற்பனைக்கு வந்த அதன் வால்நூல் பல இழைகளை ஓர் உறைக்குட் பொதிந்து செய்யப்பட்டிருந்தது. விளக்குத்திரி எண்ணெயை ஏற்றுவதுபோல அது கிருமிகளைக் கருப்பைக்குள் ஏற்றிற்று. 1974இல் அமெரிக்காவில் விற்பனை நின்றது. அதற்குமுன், கிருமி நீக்கப்படாத மொத்தப் பொதிகளில், 48 சதவீதக் கழிவு விலையில் அந்நாட்டு உதவி நிறுவனத்தின் மூலம் வறிய நாடுகளுக்கு அது அனுப்பப்பட்டதென்பதை 1979இல் மதர் ஜோன்ஸ் இதழ் அம்பலப்படுத்தியது. ஒரே சாதனத்துக்கு இருவகைப் பொதி, பெண்களும் இருவகை.

பாதுகாப்பான சாதனம் கிட்டாதவிடத்து நடப்பது யாது? கருப்பையையே அகற்றிவிடுதல். மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்துக் கரும்பு வெட்டும் பெண்களின் நிலை 2019இல் வெளிச்சத்துக்கு வந்தது. மாநில அரசின் கணக்கெடுப்பு 82,309 பெண்களை அணுகியபோது 13,861 பேர் கருப்பையை இழந்திருந்தனர். அங்கே கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரு கூலியலகு; அரிவாளைக் குறிக்கும் கொய்த்தா என்ற சொல்லே அவ்விணைக்குப் பெயர். ஒருவர் ஒருநாள் ஓய்ந்தாலும் ஒப்பந்தக்காரர் தண்டம் கழிப்பார். முன்பணத்தால் கட்டுண்ட அப்பெண்ணுக்கு மாதவிடாய் என்பது கூலியை அரிக்கும் நோய். தனியார் வைத்தியருக்கு அது கட்டணம். இந்திய உச்ச நீதிமன்றம் 2023 ஏப்ரலில் தேவையற்ற கருப்பை நீக்கங்களைக் கண்காணிக்கும் வழிகாட்டல்களை மாநிலங்கள் மூன்று மாதங்களுக்குள் ஏற்க வேண்டுமெனப் பணித்தது. பீட்டின் பெண்களுக்குத் தேவைப்பட்டது பலூன்தானா என்றால், அதுவும் முதலாவதன்று. வயலில் ஒரு கழிப்பிடமும், தண்டமற்ற ஓய்வுநாளும், 1962இல் யப்பானின் ஒகமோட்டோ தம்பதியர் கண்டறிந்த திரனெக்சாமிக் அமில மாத்திரையும் பலருக்குப் போதியதாக இருந்திருக்கும்.

கருப்பை நீக்கமே கொடுமை என்று கொள்வதும் பிழை. 2019இல் வெளியான பிரித்தானிய ஆய்வொன்றில் 660 பெண்கள் இரு பிரிவாகப் பகுக்கப்பட்டு ஒப்பிடப்பட்டனர். சிறுதுளை வழியே கருப்பையின் மேற்பகுதி அகற்றப்பட்டோர், உட்படலம் அழிக்கப்பட்டோரினும் கூடுதல் மனநிறைவு தெரிவித்தனர். உட்படலம் அழிக்கப்பட்டோருள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் பின்னர் கருப்பை நீக்கத்துக்கு உள்ளாகின்றனர் என அமெரிக்க ஆய்வொன்று காட்டியுள்ளது. நாற்பது வயதுக்குட்பட்டோரிடையே அது இன்னும் கூடும். எனவே புதிய பொறி எப்போதும் மேலானது என்ற விளம்பர வாதம் நிற்காது. தெரிவு நோயாளியின் கையிலிருந்ததா, வறுமை அவளுக்காகத் தெரிந்துகொண்டதா என்பதே பிரித்தறிய வேண்டியது.

உட்படலத்தைச் சுடாமலும் சீவாமலும் மெலியச் செய்யும் ஒரு சாதனம் உண்டு. ஹெல்சிங்கியில் லுக்காயினன் முதலியோரின் ஆய்வில் உருவாகி 1990இல் பின்லாந்தில் முதலில் வழக்கிற்கு வந்த, லெவோனோஜெஸ்ட்ரெல் என்னும் ஓமோனைச் சிறிது சிறிதாகக் கசிய விடும் வளையம் அது. வெப்பம் இல்லை, மயக்க மருந்து இல்லை, வேண்டாதபோது எடுத்துவிடலாம், பின்னர் பிள்ளையும் பெறலாம். பல ஆண்டுகள் பணிபுரியும். 2013இல் வெளிவந்த பிரித்தானிய ஆய்வு, மாத்திரைகளைக் காட்டிலும் இது பெண்களின் அன்றாட வாழ்வை மேம்படுத்தியதெனக் கண்டது. ஒழுங்கற்ற சொட்டுக் கசிவும் வலியும் சிலருக்கு உண்டு. அதைச் சொல்லாமல் வைத்தால் மூன்றாம் மாதத்தில் வந்து எடுத்துவிடச் சொல்வார்கள். உலகச் சுகாதார நிறுவனம் 2015இல் இதனை இன்றியமையா மருந்துகளின் பட்டியலிற் சேர்த்தது. இந்தியாவில், நடுவண் அரசுக்குச் சொந்தமான எச்.எல்.எல். லைஃப்கேர் நிறுவனம் இதனை எமிலி என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. திருவனந்தபுரத்திலிருந்து திருகோணமலை தொலைவில் இல்லை. தனியார் கம்பனியின் விருப்பத்துக்குக் காத்திராமல் அரசுத்துறை இத்தகைய சாதனத்தைக் கையேற்க இயலும் என்பதற்கு இது கண்முன் நிற்கும் சான்று.

இவ்விடத்திற் பேராசிரியர் சேனக பிபிலேயை நினையாதிருக்க முடியாது. மருந்தியல் அறிஞரும் இடதுசாரியும் பேராதனை மருத்துவ பீடத்தின் பீடாதிபதியாகவும் விளங்கியவருமான அவர், 1971இல் அமைக்கப்பட்ட அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவர். ஏறத்தாழ 2,100 மருந்துகளைக் கொண்டிருந்த பட்டியல் 600 அளவுக்குக் குறுக்கப்பட்டது. வணிகப் பெயர்களுக்குப் பதில் மூலப்பெயர்கள் வந்தன. உலகச் சந்தையிற் கேள்விப்பத்திர மூலம் அரசே வாங்கியது. 1977இல் அவர் கயானாவில் மறைந்தார். அதே ஆண்டிற் பதவியேற்ற அரசாங்கம் திறந்த பொருளாதாரத்தின் கதவைத் திறந்தது. அவரது கொள்கை மாத்திரைகளைப் பற்றியதாகவே அமைந்தது. சாதனங்கள் அப்போது அவ்வளவு பெருகியிருக்கவில்லை. 1980ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் அழகுசாதனப் பொருட்களோடும் மருந்துகளோடும் சாதனங்களையும் பெயரளவிற் சேர்த்துக்கொண்டது. அதன் இடத்துக்கு வந்த 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகார சபையை நிறுவி மருத்துவச் சாதனங்களையும் அதன் ஆட்சிக்குட் கொணர்ந்தது. எனினும் ஒரு சாதனத்தைப் பதிவதும், அது தொடர்ந்து கிடைக்கும் என உறுதிசெய்வதும் வெவ்வேறு காரியங்கள். 2022 மார்ச்சின் இறுதியிற் பேராதனைப் போதனா வைத்தியசாலை மருந்துத் தட்டுப்பாட்டினால் திட்டமிட்ட சத்திரசிகிச்சைகளை நிறுத்தி வைக்க நேர்ந்ததை இவ்வளாகத்தில் உள்ளோர் மறந்திருக்கமாட்டார்கள். டொலர் தீர்ந்த நாளில் ஒருமுறைப் பயன்பாட்டுச் சாதனமே முதலில் மறையும்.

பிபிலேயின் வழியைச் சாதனங்களுக்கு விரித்தால் அது எவ்வடிவம் கொள்ளும்? கேள்விப்பத்திரத்தில் பெட்டியின் விலையோடு, பத்தாண்டுகளுக்கு உதிரிப்பாகம் வழங்கும் உறுதியும், வழங்கத் தவறின் உற்பத்தி வரைபடத்தை ஒப்படைக்கும் உடன்பாடும் கேட்கப்படலாம். சாதனத்தால் நேரும் கேடுகளை வைத்தியசாலைகள் பதிவதும் அப்பதிவு பொதுமக்களுக்குத் திறந்திருப்பதும் வேண்டும். மேலே சொன்ன 62 பெண்களைப் பற்றி நாம் அறிவதே அத்தகைய பதிவேடொன்று அமெரிக்காவில் இருந்ததனால்தான். உள்நாட்டு ஆக்கமும் எட்டாத கனவன்று. டாக்காவைச் சேர்ந்த வைத்தியர் சயீபா அக்தர், பிரசவத்தின் பின் கருப்பையிலிருந்து பெருகும் குருதியை நிறுத்த, ஆணுறையைச் சிறுநீர்க் குழாயின் நுனியிற் கட்டி உப்புநீரால் ஊதிக் கருப்பைக்குள் வைத்தார். 2003இல் வெளியான அவரது அறிக்கையில் 23 பெண்களுக்கும் குருதி 15 நிமிடத்துள் நின்றது. அது வேறு நோய். சூடாக்கும் பலூனை அவ்வளவு எளிதாக வைத்தியசாலை மேசையிற் கட்டிவிட முடியாது. அவ்வாறு முயல்வதும் ஆபத்து. ஆனால் பலூன், அமுக்கம், உப்புநீர் என்ற அதே மூலகங்கள், சந்தைக்காகக் காத்திராத ஒருவர் கையில் வேறொரு விலையிற் சாதனமாயின. நமது பொறியியற் பீடங்களும் மருத்துவ பீடங்களும் ஒரே வளாகத்தில் இருந்துகொண்டு இதுபற்றி ஒரே மேசையில் அமர்வது அரிதாயிருக்கிறது.

நிலாவெளியின் பெண்ணுக்குச் சிகிச்சை, முப்பத்தைந்து வயதில் அவளை அழைக்கும் சுகவனிதையர் சிகிச்சை நிலையத்திலேயே தொடங்கலாம். மார்பும் கருப்பைக் கழுத்தும் பரிசோதிக்கப்படும் அந்த நாளில், குருதி எத்தனை நாள் போகிறது, கட்டியாகப் போகிறதா, எத்தனை நாள் வேலை தவறியது என்ற மூன்று வினாக்களைக் குடும்பநல மருத்துவமாது அவளது மொழியிற் கேட்பதற்குப் பொறி ஏதும் தேவையில்லை. அவ்வினாக்களையும், முன்னைய சத்திரசிகிச்சை பற்றிய வினாக்களையும், ஒவ்வொரு சிகிச்சைக்குப் பின்னும் கருத்தடை பற்றி அறிய வேண்டியவற்றையும் வழக்குத் தமிழில் ஒரு தாளில் அமைத்துக் கொடுப்பது தமிழ் கற்றோரால் இயலும். அத்தாளில் பெரும்பாடு என்ற சொல் இடம்பெறட்டும். பாட்டிமாருக்கு அது விளங்கும், பேத்திமாருக்கு அவர்கள் சொல்லிக் கொடுப்பார்கள்.